எட்டாத் தொலைவிலுள்ள இயந்திரத்துக்கு எழுத்தறிவிப்பது எப்படி?



வளைகுடா நாடுகளில் பணிபுரியும் குடும்பத் தலைவர்கள் தம் இல்லத்தை எவ்வாறு நிர்வகிக்கிறார்கள் என்பதை நீங்கள் நன்கறிவீர்கள். துபாயிலோ ரியாதிலோ இருந்தபடியே தொலைபேசியில், "மின் கட்டணத்தை நாளைக்குள் கட்டிவிடுங்கள், மாடி ஓட்டை மழைக்கு முன் சரிசெய்துவிடுங்கள்" என்று சொன்னால் போதும், இங்கே காரியம் நடந்துவிடுகிறது. எதனால் நடக்கிறது? மறுமுனையில் தொலைபேசியை எடுப்பதற்கும், சொன்னதைப் புரிந்துகொள்வதற்கும், செய்து முடிப்பதற்கும் ஓர் ஆள் இருப்பதனால்தான். வீடு பூட்டிக் கிடந்தால் மணி எத்தனை முறை ஒலித்தும் பயனில்லை.

இந்த எளிய உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டு, இன்றைய கணிப்பொறி உலகில் அன்றாடம் நடைபெறும் ஓர் அரிய காரியத்தை இக்கட்டுரையில் நோக்குவோம். நம் வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் மதிப்பெண், மருத்துவமனைச் சீட்டு, கைப்பேசியில் எடுத்த குடும்பப் படங்கள் ஆகிய யாவும் 'சர்வர்' எனப்படும் பெரும் கணிப்பொறிகளில் வாழ்கின்றன. அக்கணிப்பொறிகள் 'டேட்டா சென்டர்' எனப்படும் தரவு மையங்களில், குளிரூட்டப்பட்ட கூடங்களில், இரும்புச் சட்டங்களில் அடுக்கடுக்காக நிற்கின்றன. அங்கே மனித நடமாட்டம் மிகக் குறைவு. அவற்றைப் பராமரிப்பவர் ஜெர்மனியிலுள்ள இயந்திரத்தைச் சென்னையில் அமர்ந்து கவனிப்பவராகக்கூட இருக்கலாம்.

வாடகைக்கு எடுத்த சர்வரின் பராமரிப்புப் பொறுப்பையும் நிறுவனமே ஏற்றுக்கொள்ளுமானால், அதனை 'மேனேஜ்டு சர்வர்', அதாவது நிர்வகிக்கப்படும் சர்வர் என்பர். அத்தகைய சர்வருக்கு, ஒரு விரல்கூடப் படாமல், தொலைவிலிருந்தே இயங்குதளத்தை நிறுவுவது எவ்வாறு? அதில் அடங்கியுள்ள பொறுப்பு எத்தகையது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்போம்.

பேசத் தெரியாத இயந்திரம்

இயங்குதளம் என்பது கணிப்பொறிக்கு அறிவூட்டும் அடிப்படை மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ் என்னும் பெயர்களை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். வட்டில் உள்ளதைப் படிப்பதும், வலையமைப்பின் வழியே பேசுவதும், கட்டளைகளை ஏற்று நடத்துவதும் அதன் பணி. அது நிறுவப்படாத கணிப்பொறி எழுத்தறியாத பிள்ளையைப் போன்றது. நாம் அனுப்பும் கடிதம் கைக்குக் கிடைத்தாலும் அதனால் படிக்க இயலாது.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. தொலைவிலிருந்து கட்டளையிட வேண்டுமாயின் அங்கே இயங்குதளம் இருக்க வேண்டும். இயங்குதளம் இல்லாததால்தானே நாம் அதனை நிறுவ முற்படுகிறோம்! முற்காலத்தில் இதற்கு ஒரே வழிதான் இருந்தது. தொழில்நுட்பர் ஒருவர் குறுந்தகட்டுடன் நேரில் சென்று, திரையையும் விசைப்பலகையையும் பொருத்தி, ஒவ்வொரு வினாவுக்கும் விடையளித்து நிறுவுவார். பத்து இயந்திரங்களுக்கு அது சரி. பத்தாயிரம் இயந்திரங்களுக்கு ஆகுமா?

இயந்திரத்துக்குள் ஒரு காவலாளி

முதல் தீர்வு, பெரிய கணிப்பொறிக்குள் ஒரு சின்னஞ்சிறு கணிப்பொறியைக் குடிவைத்ததாகும். சர்வரின் தாய்ப்பலகையிலேயே பொருத்தப்படும் அதன் பெயர் 'பேஸ்போர்டு மேனேஜ்மென்ட் கன்ட்ரோலர்', சுருக்கமாக பி.எம்.சி. அதற்குத் தனிச் செயலி உண்டு, தனி நினைவகம் உண்டு, பெரும்பாலும் தனியான வலையமைப்புத் துளையும் உண்டு. சர்வர் அணைக்கப்பட்டிருந்தாலும், மின்கம்பி செருகப்பட்டிருக்கும் வரை இச்சிறு கணிப்பொறி விழித்திருக்கும். முதலாளி உறங்கினும் வாயிற்காவலர் உறங்காதிருப்பதைப் போல!

இந்தக் காவலாளியிடம் பேசுவதற்குரிய பொது விதிமுறை ஒன்றை இன்டெல், டெல், ஹியூலெட் பேக்கர்டு, என்.இ.சி. ஆகிய நிறுவனங்கள் 1998 ஆம் ஆண்டு வெளியிட்டன. ஐ.பி.எம்.ஐ. என்பது அதன் பெயர். பின்னர் 2015 இல் 'ரெட்ஃபிஷ்' என்னும் புதிய விதிமுறையும் வந்தது.

இதனால் என்னென்ன இயலும்? இயந்திரத்தை இயக்கலாம், அணைக்கலாம். அதன் வெப்பநிலையையும் மின்விசிறிகளின் வேகத்தையும் அறியலாம். இவற்றைவிட வியப்பானவை இரண்டு உண்டு. முதலாவது, அந்தச் சர்வரின் திரையில் தோன்றக்கூடிய காட்சியை அப்படியே நம் மேசையில் காணலாம். நாம் தட்டும் எழுத்து அங்கே தட்டியதாகவே கொள்ளப்படும். இரண்டாவது, நம்மிடமுள்ள குறுந்தகட்டுப் பிம்பத்தை அங்கே செருகியதாக அவ்வியந்திரத்தை நம்பவைக்கலாம். உண்மையில் அங்கே தகடும் இல்லை, செருகிய கையும் இல்லை.

"நான் யார்?" எனக் கேட்கும் இயந்திரம்

இரண்டாவது தீர்வு, நூற்றுக்கணக்கான இயந்திரங்களுக்கு ஒரே வேளையில் நிறுவ உதவுவது. இன்டெல் நிறுவனம் 1999 இல் வெளியிட்ட அதன் வரையறைக்கு பி.எக்ஸ்.இ. என்று பெயர், வழக்கில் 'பிக்ஸி' என்பர். அது நடைபெறும் முறை கேட்பதற்கே சுவையானது.

மின்சாரம் பெற்றதும், வெறுமையான சர்வரின் வலையமைப்பு அட்டை தன் கூடத்திலுள்ள அனைவரையும் நோக்கி ஒரு குரல் எழுப்புகிறது. "எனக்கு முகவரி இல்லை, நான் யார்? எதனைப் படித்து எழுந்திருக்க வேண்டும்?" என்பதே அக்குரலின் பொருள். அந்த வலையமைப்பிலுள்ள டி.எச்.சி.பி. என்னும் சேவை இதற்கு மறுமொழி கூறுகிறது. "இதோ உன் முகவரி. இன்ன இடத்தில் இன்ன பெயருடைய கோப்பு இருக்கிறது, அதனைப் பெற்றுக்கொள்" என்கிறது.

உடனே அந்த அட்டை, 1980களின் தொடக்கத்திலேயே வகுக்கப்பட்ட டி.எஃப்.டி.பி. என்னும் மிக எளிய முறையில் ஒரு சிறிய கோப்பைப் பெறுகிறது. அச்சிறு கோப்பு பெரிய கோப்புகளை அழைத்து வருகிறது. இறுதியில், நிறுவும் மென்பொருள் முழுவதும் சர்வரின் நினைவகத்திலேயே ஏறி இயங்கத் தொடங்குகிறது. வட்டு இன்னும் வெறுமையாகவே இருக்கிறது என்பதை இங்கே கவனியுங்கள். நினைவகத்தில் நின்றுகொண்டு வட்டைப் பகுத்து, அதன்மீது இயங்குதளத்தை எழுதுகிறது அம்மென்பொருள்.

நிறுவும்போது எழும் வினாக்களுக்கு யார் விடை கூறுவது? எந்த மொழி, எந்த நேர மண்டலம், வட்டை எத்தனை பகுதிகளாகப் பிரிப்பது, எந்தெந்த மென்பொருள்கள் தேவை என்றெல்லாம் அது கேட்குமே! அவ்வினாக்கள் யாவற்றுக்கும் முன்கூட்டியே விடை எழுதிய கோப்பு ஒன்றை நிர்வாகி ஆயத்தம் செய்து வைக்கிறார். ரெட் ஹாட் லினக்ஸில் அதனை 'கிக்ஸ்டார்ட்' என்றும், டெபியனில் 'ப்ரிசீட்' என்றும் அழைப்பர். விண்டோஸுக்கும் அத்தகைய விடைக்கோப்பு உண்டு. ஒரு முறை எழுதியதை ஆயிரம் இயந்திரங்கள் படித்துக்கொள்ளும். நன்மை பெரிது, ஆனால் அந்தக் கோப்பில் ஒரு பிழை இருப்பின், அப்பிழையும் ஆயிரம் இயந்திரங்களில் பதிந்துவிடும்!

பணி முடிந்ததும் செய்ய வேண்டிய சிறு காரியம் ஒன்றுண்டு. "இனி வலையமைப்பிலிருந்து எழாதே, உன் வட்டிலிருந்தே எழு" என்று அந்த இயந்திரத்துக்குச் சொல்லிவிட வேண்டும். இதனை மறந்தால் என்ன ஆகும்? இயந்திரம் மறுபடி எழும்போது பழையபடி "நான் யார்?" என்று கேட்கும், நிறுவும் மென்பொருள் மீண்டும் வரும், எழுதியதை அழித்து முதலிலிருந்து எழுதும். எழுதுவதும் அழிப்பதுமாக அந்தச் சுழல் முடிவின்றி நடக்கும்.

செவ்வாயில் நடந்த சீரமைப்பு

தொலைவிலிருந்து ஓர் இயந்திரத்தை மீட்பதற்கு இதனினும் பெரிய சான்று, பூமியிலேயே இல்லாத ஓர் இயந்திரமாகும். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் 'ஸ்பிரிட்' ஊர்தி 2004 ஜனவரி மாதத் தொடக்கத்தில் செவ்வாய்க் கோளில் இறங்கியது. மூன்று வாரங்கள் முடிவதற்குள், ஜனவரி 21 ஆம் தேதி அதன் பேச்சு குழறிற்று. அதன் கணிப்பொறி எழுவதும், தடுமாறுவதும், மீண்டும் எழுவதுமாக ஓயாமல் சுழன்றது. நிலையான நினைவகத்தில் கோப்புகள் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டதே காரணம் என்பது பின்னர் தெரிந்தது.

அங்கே யார் சென்று சரிசெய்வது? பொறியாளர்கள் பூமியிலிருந்தே, "அந்த நினைவகத்தைத் தொடாமல் எழுந்திரு" என்று கட்டளை அனுப்பினர். ஊர்தி எழுந்தது. தேவையற்ற கோப்புகளை நீக்கினர். பிப்ரவரி மாதத்தில் அந்த நினைவகத்தை முழுவதுமாகத் துடைத்துப் புதிதாக வகுத்தனர். அந்த ஊர்தி 2010 மார்ச் வரை பூமியோடு பேசிக்கொண்டிருந்தது.

பழுதான வட்டைத் தொடாமல் நினைவகத்தில் மட்டும் எழுப்பி, பின்னர் வட்டைச் சீர்செய்யும் இதே முறையைத்தான் சர்வர் நிறுவனங்கள் 'ரெஸ்க்யூ' முறை என்று தம் வாடிக்கையாளர்களுக்கு வழங்குகின்றன. இத்தகைய மீட்புவழியை முன்கூட்டியே அமைத்து வைத்ததனால்தான் அவ்வூர்தி பிழைத்தது.

அழித்தது மீளாது

இனி, இக்கலையின் மறுபக்கத்தையும் நாம் காண வேண்டும். இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதென்பது வட்டில் ஏற்கெனவே உள்ளதை அழிப்பதாகும். நேரில் நிற்பவர் தம் முன்னுள்ள இயந்திரத்தைக் கண்ணால் காண்கிறார். தொலைவிலிருப்பவர் காண்பதோ திரையில் ஒரு பெயரும் ஓர் எண்ணும் மட்டுமே. எல்லாத் திரைகளும் ஒன்றுபோலவே தோன்றும்.

2017 ஜனவரி 31 ஆம் நாள் 'கிட்லேப்' நிறுவனத்தில் நிகழ்ந்ததைச் சிந்தித்துப் பாருங்கள். இரண்டாம் நிலைச் சர்வரில் அழிக்க வேண்டிய தரவை, இரவு வேளையில் பணியாற்றிய பொறியாளர் ஒருவர் முதன்மைச் சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 கிகாபைட் தரவில் 4.5 கிகாபைட் மட்டுமே எஞ்சியிருந்தது. காப்புப் பிரதி எடுக்க ஐந்து வகை ஏற்பாடுகள் இருந்தும், அந்நேரத்தில் எதுவும் உரியபடி கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுக்கப்பட்ட ஒரு பிரதியே காப்பாற்றியது. எனினும் அந்த ஆறு மணி நேரத்தில் பதிவான ஏறத்தாழ 5,000 திட்டங்களும், 5,000 கருத்துரைகளும், 700 புதிய பயனர் கணக்குகளும் பாதிக்கப்பட்டன. அந்நிறுவனம் நடந்ததை மறைக்காமல் உலகுக்கு அறிவித்தது பாராட்டத்தக்கது.

ஆகவேதான் அனுபவமிக்க நிர்வாகிகள், அழிக்கும் கட்டளைக்கு முன் இயந்திரத்தின் தொடர் எண்ணைப் பதிவேட்டோடு ஒப்பிடுகிறார்கள். வட்டின் பெயரை மீண்டும் படிக்கிறார்கள். காப்புப் பிரதி இருக்கிறதா என்று மட்டுமன்றி, அதிலிருந்து உண்மையிலேயே மீட்க முடிகிறதா என்றும் செய்து பார்க்கிறார்கள்.

சாவி யார் கையில்?

தொலைவிலுள்ள உரிமையாளருக்குக் கதவைத் திறக்கும் காவலாளி, அயலானுக்கும் திறந்துவிட்டால் என்னாவது? பி.எம்.சி.யைக் கைப்பற்றியவர் அந்தச் சர்வரின் முன் நேரில் அமர்ந்தவருக்கு ஒப்பாவார். இயங்குதளத்தின் கடவுச்சொற்கள் எத்துணை வலியனவாயினும் அவரைத் தடுக்கமாட்டா. அவர் அந்த இயங்குதளத்தையே துடைத்துவிட வல்லவர்.

இது வெறும் அச்சமன்று. ஐ.பி.எம்.ஐ. இரண்டாம் பதிப்பின் அமைப்பிலேயே ஒரு குறை உண்டு. உள்ளே நுழையாத ஒருவர் கேட்டாலும், கடவுச்சொல்லிலிருந்து கணக்கிடப்பட்ட ஒரு குறியீட்டை அது தந்துவிடும். அதனை வைத்து அவர் ஓய்வாக அமர்ந்து கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கலாம். இத்தகைய அபாயங்களைக் குறித்து அமெரிக்க அரசின் கணிப்பொறி அவசர நடவடிக்கைக் குழு 2013 ஜூலையில் எச்சரிக்கை வெளியிட்டது. 2017 இல், ஹியூலெட் பேக்கர்டு என்டர்பிரைஸ் நிறுவனத்தின் 'ஐலோ 4' என்னும் காவலாளியில் மற்றொரு குறை வெளிப்பட்டது. திருத்தம் செய்யப்படாத சாதனத்துக்கு 29 முறை ஒரே ஆங்கில எழுத்தை உரிய இடத்தில் இட்டு அனுப்பினால் போதும். கடவுச்சொல் கேளாமலே கதவு திறந்துவிடும்! நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. ஆனால் திருத்தத்தை உரியவர் நிறுவினால்தானே பயன்?

இதனால் விளையும் நெறி யாதெனில், இந்தக் கதவைப் பொதுத்தெருவை நோக்கி வைக்கலாகாது. பொது இணையத்தோடு தொடர்பில்லாத தனி வலையமைப்பில் அதனை வைத்து, உரிமை பெற்றவர் மட்டுமே மறையாக்கப்பட்ட வழியில் அங்கே செல்லுமாறு செய்ய வேண்டும். ஆலையிலிருந்து வந்த தொடக்கக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிட வேண்டும்.

இரு வழிகளும் ஒருங்கே அடைபட்டால்

பூட்டிய கதவு பாதுகாப்பானது. ஆயினும் உரியவருக்கே திறக்காத கதவால் பயன் இல்லை. 2021 அக்டோபர் 4 ஆம் நாள் பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் ஆகியவை உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் செயலிழந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். வழக்கமான பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளை அந்நிறுவனத்தின் முதுகெலும்பான வலையமைப்பைத் துண்டித்துவிட்டது. அத்தகைய வேளைக்கென்றே தனியாக அமைத்திருந்த மாற்று வழியும் அன்று செயல்படவில்லை. இறுதியில் பொறியாளர்களைத் தரவு மையங்களுக்கு நேரில் அனுப்ப வேண்டியதாயிற்று. அங்கிருந்த கடும் பாதுகாப்பு ஏற்பாடுகளைக் கடந்து உள்ளே செல்வதற்கே நேரம் பிடித்தது.

2024 ஜூலை 19 அன்று 'கிரவுட்ஸ்டிரைக்' நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பு ஒன்றால், மைக்ரோசாப்ட்டின் மதிப்பீட்டின்படி, 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நிலைகுலைந்தன. விமானங்கள் நின்றன; மருத்துவமனைகள் தடுமாறின. பிழையான புதுப்பிப்பை அந்நிறுவனம் ஒன்றரை மணி நேரத்துக்குள் திரும்பப் பெற்றுவிட்டது. ஆயினும் விழுந்த இயந்திரங்களில் பல தாமாக எழவில்லை. இயங்குதளமே எழாதபோது, அதனுள் வாழும் தொலைப் பராமரிப்பு மென்பொருளால் என்ன செய்ய இயலும்? தனிக் காவலாளி இருந்த சர்வர்களைத் தொலைவிலிருந்தே எழுப்ப முடிந்தது. அது இல்லாத மேசைக் கணிப்பொறிகளை ஊழியர்கள் ஒவ்வொன்றாகத் தேடிச் சென்று சரிசெய்தனர்.

நீங்கள் கேட்க வேண்டிய ஐந்து வினாக்கள்

இவையெல்லாம் வல்லுநர்களின் கவலை, நமக்கென்ன என்று எண்ணிவிடாதீர்கள். நம்மவரில் பலர் இன்று ஏற்றுமதி வணிகத்துக்கும், பள்ளிக்கூடத்துக்கும், அறக்கட்டளைக்கும் சர்வரை வாடகைக்கு எடுக்கின்றனர். பணம் கட்டுமுன் நிறுவனத்தாரிடம் இவற்றைக் கேளுங்கள்.

ஒன்று: இயந்திரம் எழாமற்போனால் அதன் திரையைத் தொலைவிலிருந்து காணும் வழி உண்டா?

இரண்டு: அந்த வழி பொது இணையத்தில் திறந்து கிடக்கிறதா, தனி வலையமைப்பில் இருக்கிறதா?

மூன்று: இயங்குதளத்தை மாற்றி நிறுவுமுன் எங்கள் ஒப்புதலை எழுத்தில் பெறுவீர்களா?

நான்கு: காப்புப் பிரதி வேறோர் இடத்தில் இருக்கிறதா? அதிலிருந்து கடைசியாக மீட்டுப் பார்த்தது எப்போது?

ஐந்து: எங்களுக்கு முன் இவ்வியந்திரத்தைப் பயன்படுத்தியவரின் தரவு துடைக்கப்பட்டதா? நாங்கள் விட்டுச் செல்லும்போது எங்கள் தரவும் அவ்வாறே துடைக்கப்படுமா?

இவற்றுக்குத் தெளிவாக விடை கூறுபவரிடம் உங்கள் பொருளை ஒப்படையுங்கள். விடை கூறத் தயங்குபவர் எவ்வளவு குறைந்த வாடகை கேட்டாலும் ஒரு முறைக்கு இரு முறை யோசியுங்கள்.

அமானிதம்

பிறர் நம்பி ஒப்படைத்த பொருளை நாம் அமானிதம் என்கிறோம். பெட்டியில் பூட்டிய நகை மட்டுமா அமானிதம்? முகமறியாத ஒருவரின் மருத்துவக் குறிப்பும், ஏதோ ஓர் ஊரிலுள்ள பிள்ளையின் தேர்வு முடிவும், ஒரு சிறு வணிகரின் பத்தாண்டுக் கணக்கும் அமானிதமே. அவை குடியிருக்கும் இயந்திரத்தை ஒரே கட்டளையால் துடைத்து எழுதும் ஆற்றல் இன்று ஒரு தனி மனிதரின் விரல்நுனிக்கு வந்துள்ளது.

உங்கள் இல்லத்திலும் இப்பணியில் இருக்கும் மகனோ மகளோ இருக்கலாம். ஊரே உறங்கும் நேரத்தில், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளைப் பார்த்தபடி அவர்கள் அமர்ந்திருக்கக் காண்பீர்கள். "இரவெல்லாம் அப்படி என்னதான் வேலையோ!" என்று சலித்துக்கொள்ளாதீர்கள். அந்நேரத்தில் எங்கோ ஓர் இயந்திரம், "நான் யார்?" என்று கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். அதற்கு விடை சொல்லும் கை நிதானமாக இருக்க வேண்டும். அறையின் கதவை மெல்லச் சாத்தி, அந்தச் சில நிமிடங்களுக்கேனும் அவர்களை அழைக்காதிருங்கள். தொலைவில் யாரோ ஒருவரின் அமானிதம் காக்கப்படுவதில் உங்களுக்கும் பங்கு கிடைக்கும்.